காற்று விளக்குக் கல்யாணம்

முனிரத்தினம் மேஸ்திரிக்கு வாய் கொஞ்சம் நீளம். தங்கவயல் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனில் இது எல்லோருக்கும் தெரியும். பேரணாம்பட்டுப் பக்கத்துச் சம்பந்திக்குத்தான் தெரியாது. தெரியாத அந்த மனிதரிடம் போய், அதுவும் நிச்சயதாம்பூலத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எங்க ஊர்ல ராத்திரின்னு ஒண்ணே கெடையாதுங்க சம்பந்தி" என்று அவர் சொல்லிவைத்தார்.

சம்பந்தி காத்தவராயன் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவர். தம்பி செத்த பிறகு தம்பி மகன் ராஜப்பாவைத் தோளில் போட்டு வளர்த்தவர். அந்த ராஜப்பா ஜோலார்பேட்டை ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டு, தங்கவயல் ஒர்க்‌ஷாப்பில் இடமும் வாங்கிவிட்டான். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பூமிக்கடியில் இருட்டு, மேலே வந்தாலும் இருட்டு, அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையை விடுவதா? கல்யாணம் முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து செக்கைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி.

முனிரத்தினத்துக்கு இருப்பது ஒரே பெண். பெண்சாதி போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜில் ஏறி மேலே வந்தால், சிம்னி விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு வாசலில் நிற்க ஜெயம்மா ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் பேரணாம்பட்டுக்குப் போய்விட்டால் அவர் யார் முகத்தைப் பார்த்து மேலே வருவார்? அந்தப் பயத்தில்தான் வாய் இன்னும் நீண்டது.

"எண்ணெயே வேணாங்க. காத்துலயே விளக்கு எரியுது எங்க ஊர்ல. கல்யாணப் பந்தல்ல எரியவிட்டுக் காட்டறேன், பாருங்க."

எண்ணெய் வியாபாரியிடம் எண்ணெயே வேண்டாம் என்று சொன்ன அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! காத்தவராயன் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார். "சரிங்க. தாலி கட்டி முடியறவரைக்கும் அந்த விளக்கு எரியட்டும். எரிஞ்சா புள்ள உங்க ஊரு. நடுவுல நின்னுச்சா, பொண்ணு எங்க ஊரு" என்றார். தாம்பூலம் மாறியது.

முனிரத்தினம் சொன்னது முழுப்பொய்யும் அல்ல. ஆடி மாதத்தில் சுரங்கத்து இன்ஜினியர் பென்ரோஸ் துரை லைனுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒரு காற்றாடி யந்திரம் நிறுத்தியிருந்தார். மரக்கோபுரம் கட்டியது முனிரத்தினத்தின் ஆட்கள்தான். உச்சியில் பெரிய சக்கரம். அது சுற்றினால் நடுவில் நிற்கும் இரும்புத் தண்டு சுற்றும். தண்டு கீழே டைனமோவைச் சுழற்றும். டைனமோ தருகிற கரண்டைக் கண்ணாடி ஜாடிகளில் சேர்த்துவைத்து, காற்று இல்லாதபோது எடுத்துக்கொள்ளலாம் என்றார் துரை.

இதனால் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு மூன்று கட்சியாகப் பிரிந்தது. "வெறகுன்னா அடுக்கி வெக்கலாம், காத்தை எங்க அடுக்குவே?" என்றது பாய்லர் கட்சி. அதற்குள் காவிரியிலிருந்து கரண்டு கொண்டுவரக் கம்பம் நடப்போகிறார்கள் என்று சேதி வந்து, காவிரிக் கட்சி ஒன்றும் முளைத்திருந்தது. "அவ்ளோ தூரம் தண்ணி கம்பியில வந்தா நடுவுல ஒழுகாதா?" என்று அவர்களை மடக்கியவர்களும் உண்டு. காற்றுக் கட்சியில் இருந்தவர்கள் துரை, முனிரத்தினம், யந்திரத்தைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர் மரியகுழந்தை ஆகிய மூவர் மட்டுமே. ஆனால் ஆடியில் அடித்த காற்றில் துரையின் பங்களா விளக்கெல்லாம் பளபளவென்று எரிந்ததைப் பார்க்க மற்ற இரண்டு கட்சியும் வேலியோரம் கூடிவிட்டது.

காற்று ஆடியில் அடிக்கும். ஆடியில் கல்யாணம் கூடாது. முகூர்த்தம் ஐப்பசியில். இந்தச் சின்னக் கணக்கை முனிரத்தினம் போடவில்லை. மரியகுழந்தைதான் போட்டான்.

"மேஸ்திரி, ஐப்பசியில காத்து தூங்கிடும். இருந்தாலும் பயப்படாதீங்க. பொரட்டாசிக் காத்துல ஜாடியெல்லாம் ரொப்பி வெக்கறேன். முகூர்த்தம் முடியறவரைக்கும் தாராளமா தாங்கும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது, அவ்ளோதான்."

துரையும் உத்தரவு கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போனார். மேட்டிலிருந்து பந்தல்வரை கம்பி இழுத்தாகிவிட்டது. பந்தக்கால் நட்ட அன்று மரியகுழந்தை ஒருமுறை எரிகிறதா என்று பார்க்க பல்பைப் போட்டான். லைனே ஆவென்று வாயைப் பிளந்தது. அணைக்கலாம் என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். அந்தக் கையைப் பார்வதம்மா பிடித்துக்கொண்டாள்.

பார்வதம்மா முனிரத்தினத்தின் தங்கை. பல்ப் எரிந்த மறுநிமிஷமே ஏணியில் ஏறி, கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் சுற்றி இறங்கியிருந்தாள்.

"இன்னாப்பா பண்ற நீ? பந்தக்கால் நட்ட வீட்டுல ஏத்தின விளக்கை அணைக்கறதா? பொண்ணு தாலி ஏறவேணாமா?"

"யக்கா, இது அந்த மாதிரி விளக்கு இல்ல. எரிய எரிய ஜாடி காலியாயிடும்."

"எந்த மாதிரி விளக்கா இருந்தா இன்னா? குங்குமம் வெச்சாச்சு. உங்க சர்ச்சுல சாமிக்கு முன்னால ஒரு செவப்பு விளக்கு எரியுதே, அதை நீ ஊதி அணைப்பியா?"

மரியகுழந்தை கன்னத்தில் போட்டுக்கொண்டான். அந்த விளக்கு அணையக்கூடாது என்று ஃபாதர் அவனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்.  முனிரத்தினத்திடம் முறையிட்டால் அவரோ, "எரியட்டும்டா, ஊரு பார்க்கட்டும்" என்றார். மனிதர் பெருமையில் மிதந்துகொண்டிருந்தார். பட்டப்பகலில், வெயிலுக்குப் போட்டியாக, யாருக்கும் உபயோகமில்லாமல் அந்த பல்ப் எரிந்தது. நந்திதுர்க் சுரங்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். பார்வதம்மா வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்து, அவ்வப்போது பல்புக்குத் திருஷ்டியும் கழித்தாள்.

முகூர்த்தம் விடியற்காலையில். மாப்பிள்ளை வீட்டார் முந்தின சாயங்காலமே வந்து இறங்கிவிட்டார்கள். கோழி கூவும் நேரத்துக்கு ஜெயம்மா தலைநிறையப் பூவோடு பந்தலை எட்டிப் பார்த்தாள். பல்ப் பீடி நுனிபோலச் சிவந்து கிடந்தது.

"அப்பா, விளக்கு சாவுதுப்பா" என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "நான் போவமாட்டேன். உன்னை விட்டுட்டு நான் அங்க போவமாட்டேன்."

முனிரத்தினம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்; மரியகுழந்தையும் இன்னும் சில ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள். உச்சிச் சக்கரம் அசையவில்லை. ஒரு வேப்பிலைகூட ஆடவில்லை. பாதாளத்தில் விசிலடித்தால் ஆகாது என்று சுரங்கத்து வெள்ளைக்கார கேப்டன்கள் திட்டுவார்கள். மேலே அடித்தாலாவது காற்று வரட்டும் என்று ஒருவன் விசிலடித்துப் பார்த்தான். நாய்தான் வந்தது.

"காத்துக்கு இன்னாடா கேடு? ஆடியில ஓட்டைப் பிச்சு எறிஞ்சுச்சே!" என்று முனிரத்தினம் வானத்தைப் பார்த்துக் கத்தினார். பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதார். அழுகிற மேஸ்திரியை மரியகுழந்தை அதுவரை பார்த்ததில்லை. பாறை விழுந்து கால் நசுங்கியபோதுகூட அவர் கெட்ட வார்த்தைதான் பேசினார்.

மரியகுழந்தை தண்டைப் பார்த்தான், டைனமோவைப் பார்த்தான். "மேஸ்திரி, காத்து தள்ளினா இன்னா, ஆளு தள்ளினா இன்னா? டைனமோவுக்குத் தெரியவா போவுது?" என்றான்.

உச்சிச் சக்கரத்தைத் தண்டிலிருந்து கழற்றிவிட்டு, சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கிற மரங்கள் இரண்டைத் தண்டின் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். அந்த நேரம் பார்த்து நைட் ஷிஃப்ட் ஆட்கள் மேலே ஏறி, உடம்பெல்லாம் புழுதியோடு கல்யாணச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். மேஸ்திரி பெண் பேரணாம்பட்டுக்குப் போவதா? மரத்தைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார்கள். கீழே பந்தலில் பல்ப் குபீரென்று எரிந்தது, அணையப்போனது, மறுபடி எரிந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

காத்தவராயனும் பார்த்தார். பெண் வீட்டு ஆண்பிள்ளைகள் ஒருவரையும் காணோமே என்றும் பார்த்தார். கம்பி போகிற வழியைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். அங்கே ஒரு கூட்டம் வியர்க்க விறுவிறுக்க வட்டமடித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால், பட்டு வேட்டியும் சந்தனமுமாக, பெண்ணைப் பெற்றவர்.

"ஓகோ, இதான் காத்தா?" என்றார்.

முனிரத்தினத்துக்கு உயிரே போய்விட்டது. ஆனால் தள்ளுவதை நிறுத்தவில்லை. "சம்பந்தி, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுற்றுப் போய், திரும்பி வந்து, "எம்பொண்ணுங்க" என்று மீதியைச் சொன்னார்.

காத்தவராயன் சிரிக்கலாமா திட்டலாமா என்று யோசித்தார். ஆனால் கண் மட்டும் அந்த மரத்தைவிட்டு நகரவில்லை. ஆட்கள் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தொங்க, தண்டு திக்கித் திக்கிச் சுற்றியது. பிறந்ததிலிருந்து செக்கோடு வாழ்ந்தவருக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தூ! இப்படியா சுத்துவாங்க? ஏய், நீ நெட்டையா இருக்கே, வெளிப்பக்கம் போ. குட்டை ஆளு உள்ள வா. குதிக்காதீங்கடா! மாடு இப்படிக் குதிச்சா செக்கு முறிஞ்சுடும். ஒரே நடை. என்னைப் பார்த்து நடங்க." சொல்லிக்கொண்டே அங்கவஸ்திரத்தைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்தைப் பிடித்துவிட்டார். "ஹை... ஹை..." என்று தன் மாடுகளுக்குக் கொடுக்கிற குரலையும் கொடுத்தார்.

தண்டு சீராகச் சுற்றியது. கீழே பல்ப் ஆடாமல் நின்று எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பந்தலிலிருந்து கெட்டிமேளம் கிளம்பியது. "ஐயோ, தாலி கட்டறாங்க!" என்று முனிரத்தினம் மரத்தை விட்டுவிட்டு ஓடப் பார்த்தார்.

"நிக்காதீங்க!" என்று காத்தவராயன் போட்ட சத்தம் மேளத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. "இப்ப நின்னா விளக்கு நின்னுடும்யா! மூணாவது முடிச்சு விழட்டும், தள்ளுங்க!"

பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையை வளர்த்தவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சுற்றினார்கள். தாலி கட்டுவதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. மேளம் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் கால்கள் நின்றன.

முனிரத்தினம் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "சம்பந்தி, அப்ப நீங்க கையை எடுத்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களே?"

காத்தவராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அட ஆமா. இப்பதான் எனக்கே தோணுது" என்றார்.

இருவரும் சிரிக்கவும் முடியாமல் இருமினார்கள். அதற்குள் ராஜப்பாவும் ஜெயம்மாவும் மாலையோடு மேட்டில் ஏறி வந்து காலில் விழுந்தார்கள். ஜெயம்மா எழுந்ததும் பெரிய மாமனாரின் முகத்தையே பார்த்தாள். 

காத்தவராயன் சுற்றிலும் பார்த்தார். ராத்திரி முழுக்கப் பாறை உடைத்துவிட்டு வந்த மனிதர்கள் புழுதி அப்பிய முகத்தோடு மரத்தில் சாய்ந்து நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"என் கல்யாணத்துல தீவட்டி புடிச்சவனே பாதியில தூங்கிட்டான். இங்க ஒரு பொண்ணு விளக்குக்கு இத்தனை பேரு மாடா சுத்தறானுங்க. அவளை இட்டுக்கினு போயி நான் இன்னா பண்ணப்போறேன்? ரெண்டு பேரும் இங்கியே இருங்க."

முனிரத்தினம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார். ஷிஃப்ட் ஆட்கள் போட்ட சத்தத்தில் கீழே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த பார்வதம்மா பயந்துபோய், விளக்கு அணைந்துவிட்டதோ என்று ஓடிவந்தாள். அணைந்துதான் போயிருந்தது. யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

காத்தவராயன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். பாதி வழியில் திரும்பி, அசையாமல் நின்ற உச்சிச் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"புள்ளைங்களைப் பார்க்க ஆடிக்கு வரேன், சம்பந்தி. அப்பவாவது காத்தையே சுத்தச் சொல்லுங்க."