ஆரியங்காவில் இறங்கிய ரசிகர்

தில்லைநாயகத்துக்கு ரயில் எஞ்சின் என்றால் உயிர். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் தென்காசி ஸ்டேஷனுக்குள் வரும் ஒவ்வொரு எஞ்சினும் தன்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் புகை விடுகிறது என்பதுபோல அவர் நடந்துகொள்வார். வயலைக் குத்தகைக்காரர் பார்த்துக்கொண்டார். வீட்டை மனைவி சண்முகசுந்தரி பார்த்துக்கொண்டாள். அவருக்குப் பார்ப்பதற்கு எஞ்சின் மட்டும்தான் மிச்சம். ஒருநாள்கூட ஒரு கூடை கரி அள்ளிப் போட்டவரில்லை. சலவை வேட்டியும் கோட்டுமாகப் பிளாட்பாரத்தில் நின்று, ‘மூச்சு சரியில்லையே’ என்று டிரைவர் காதில் விழும்படி சொல்வதோடு சரி.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், சுரண்டையிலிருந்து சண்முகசுந்தரியின் அக்காள் முத்துவடிவும் அவள் கணவர் மந்திரமூர்த்தியும் வந்திறங்கினார்கள். ஜவுளிக்கடை மெத்தையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் பிடித்துப்போன மனிதர் மந்திரமூர்த்தி. குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி, அருவிக்கடியில் இடுப்பைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அருவியில் நல்ல தண்ணீர் என்று ஊரெல்லாம் பேச்சு.

தில்லைநாயகம் அதைக் காதிலேயே வாங்கவில்லை. தண்ணீருக்கடியில் தலையைக் கொடுக்க எருமைக்குக்கூடத் தெரியும், அதற்கு ரசனை எதற்கு என்றார். செங்கோட்டையைத் தாண்டி மலையேறும் ரயிலை அனுபவிக்கத்தான் மனுஷப் பிறவி வேண்டுமாம். மறுநாள் காலை தென்மலைவரை போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவது என்று தானே முடிவுசெய்து டிக்கெட்டும் எடுத்து வந்துவிட்டார். அத்தானின் இடுப்பைப் பற்றிச் சண்முகசுந்தரி சொல்லிப் பார்த்தாள். வண்டியின் குலுக்கலே இடுப்புக்கு வைத்தியம் என்று பதில் வந்தது.

செங்கோட்டையில் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டினார்கள். அதிலிருந்து தில்லைநாயகம் வாயை மூடவில்லை. முன் எஞ்சின் இழுப்பதையும் பின் எஞ்சின் தள்ளுவதையும், ஏதோ தானே இரண்டையும் பழக்கிவிட்டதுபோல விளக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே மலை, மேகம், ஓடை எல்லாம் போய்க்கொண்டிருந்தன. எதையும் பார்க்க விடவில்லை. காதைக் கொடு, காதைக் கொடு என்றார்.

குகைக்குள் வண்டி நுழையுமுன் பெட்டியிலிருந்தவர்கள் மளமளவென்று ஜன்னல்களை இறக்கினார்கள். தில்லைநாயகம் தங்கள் ஜன்னலை இறக்க விடவில்லை. புகையைச் சுவாசிக்காதவன் ரயிலில் ஏறியதற்கு அர்த்தமே இல்லை என்றார். வெளியே வந்தபோது முத்துவடிவு இருமி இருமிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மந்திரமூர்த்தியின் புதுச் சட்டைத் தோளில் தீப்பொறி விழுந்து ஓட்டை போட்டிருந்தது.

“ஞாபகார்த்தமா இருக்கட்டும் அண்ணாச்சி” என்றார் தில்லைநாயகம்.

மந்திரமூர்த்தி ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். சட்டைத் துணி என்ன ரகம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆரியங்காவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. தில்லைநாயகம் இறங்கி முன்பக்கம் போனார். டிரைவரிடம் ஏதோ கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. டிரைவர் வேறு பக்கம் திரும்பி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கார்டு விசில் ஊதினார். தில்லைநாயகம் அவசரப்படவில்லை. இன்னும் ஸ்டீம் சேரவில்லை, சத்தத்திலேயே எனக்குத் தெரியும் என்று பக்கத்தில் நின்ற போர்ட்டரிடம் சொன்னாராம். சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அவர் ஓடிவருவதை மூன்று பேரும் பார்த்தார்கள். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் கோட்டு நுனி. பிளாட்பாரம் தீர்ந்துபோயிற்று.

“ஏட்டி, சங்கிலியப் பிடிச்சு இழு” என்று முத்துவடிவு பதறினாள்.

சண்முகசுந்தரி எழுந்தாள். கை சங்கிலிவரை போனது. பத்து வருஷமாக அவள் கேட்ட மூச்சும் இழுப்பும் தள்ளலும் அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் வந்து நின்றிருக்க வேண்டும். கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அங்கனயே இருக்கட்டும்க்கா. அவுகளுக்குப் பிடிச்ச எடந்தான.”

மந்திரமூர்த்தி மெல்ல ஜன்னலோரம் நகர்ந்து, மலையைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பெட்டியில் பேச்சில்லை. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது, கீழே ரோட்டில் ஒரு லாரி தீப்பெட்டி அளவுக்குப் போனது. சக்கரங்களின் சத்தம் கல்வளைவுகளில் பட்டுத் திரும்பியது. எஞ்சின் ஒரு நீளக் கூவல் கூவிற்று. மலை அதைத் திருப்பிச் சொன்னது. சண்முகசுந்தரிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை தரம் இதே பாலத்தில் வந்திருக்கிறாள். ரயிலின் சத்தத்தை அன்றுதான் கேட்டாள்.

தென்மலையில் இறங்கியபோதுதான் டிக்கெட்டுகள் அவர் கோட்டுப் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. சண்முகசுந்தரி ஸ்டேஷன் மாஸ்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் ஆரியங்காவுக்கு டெலிபோன் போட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் கோணிக் கோணிச் சிரிப்பை அடக்கியது. ஆள் அங்கேதான் இருக்கிறார், டிக்கெட்டும் இருக்கிறது, வண்டியை நேரத்துக்கு முந்தி எடுத்துவிட்டார்கள் என்று தகராறு செய்துகொண்டிருக்கிறார் என்றார்.

மூவரும் ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள். மந்திரமூர்த்தி ஒரு பாறைச் சரிவில் விழுந்த தண்ணீருக்கு இடுப்பைக் கொடுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தார். கட்டிவந்த புளியோதரையில் தில்லைநாயகத்தின் பங்கு மிஞ்சவில்லை.

சாயங்கால வண்டி ஆரியங்காவில் நின்றபோது அவர் சாரலில் நனைந்து, கோட்டிலிருந்து சொட்டச் சொட்ட ஏறினார். யாரும் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார். ஒரு சரக்கு வண்டி மலை ஏறும் அழகைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே இறங்கிக்கொண்டாராம்.

“ஓடி வந்தீயளே?” என்றாள் சண்முகசுந்தரி.

“அது உங்களுக்கு டாட்டா காட்டதுக்கு.”

மந்திரமூர்த்தி இருமல் வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே சண்முகசுந்தரி அவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். யாரிடமும் கேட்கவில்லை. தில்லைநாயகம் சளி பிடித்துப் போர்வைக்குள் கிடந்தார். குணமானதும் தென்காசி பிளாட்பாரத்தில் பழைய இடத்தில் போய் நின்று, ஆரியங்காவில் ஒரு பகல் முழுக்கத் தங்கி ஆராய்ச்சி செய்ததாகச் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்கவும் நாலு பேர் கிடைத்தார்கள்.

ஆவணியில் சண்முகசுந்தரி சுரண்டைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். தென்காசி பிளாட்பாரத்தில் அவர் நிற்பாரே என்று முத்துவடிவு செங்கோட்டை ஸ்டேஷனில் காத்திருந்தாள். இருவரும் மலையேறும் வண்டியில் ஏறி, பாலம் பார்க்கப் போனார்கள். அந்த ரயில் தனக்குப் பிடித்துப்போனதைக் கணவரிடம் அவள் சொல்லவேயில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்.