பக்கத்துக் கூண்டு

என் ஓரகத்தியின் கோழிகளுக்கு நான் விஷம் வைக்கிறேன் என்று வீட்டில் பேச்சு. பேச்சு என்றால், யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். நான் கொல்லைப்பக்கம் வந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அவ்வளவுதான். அதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. கணவரின் அண்ணன் குடும்பம் முன்பாதியில், நாங்கள் பின்பாதியில். கொல்லை பொது. அங்கே வேலியோரம் இரண்டு கூண்டுகள். அவளுடையதில் சந்தையில் வாங்கிவந்த இளங்கோழிகள். என்னுடையதில் ஒரு கறுப்புக் கோழியும், அது அடைகாத்துப் பொரித்த பொடிக் குஞ்சுகளும். நான் வீட்டிலேயே துணி தைக்கிறவள். நாள் முழுக்க மெஷினில் குனிந்து கிடப்பவளுக்கு, நிமிர்ந்தால் ஜன்னலில் தெரிகிற அந்தக் குஞ்சுகள்தான் எல்லாம். வீட்டுக்காரரிடம் பேசியதைவிட அவற்றிடம் பேசியதுதான் அதிகம். அவையாவது திரும்பிப் பார்க்கும்.

அவளுடைய கோழிகளில் முதலில் ஒன்று நொண்டியது. பிறகு ஒரு காலை முன்னே நீட்டி, ஒரு காலைப் பின்னே நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தீனியைக் கிட்டே வைத்தால் கொத்தும். எழுந்திருக்க முடியாது. நெஞ்செலும்பு துருத்தி, கொண்டை வெளிறி, ஒருநாள் செத்துப்போனது. கொஞ்ச நாளில் இன்னொன்றும் அப்படியே போயிற்று. பக்கத்துக் கூண்டில் என் கோழி கொழுகொழுவென்று திரிகிறது. சந்தேகப்பட இது போதாதா?

அதிலும் சந்தேகப்படுவதையே சம்பளத்துக்குச் செய்கிறவள் அவள். ரொட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ரொட்டி சரியாக உப்பவில்லை என்றால் கோளாறு மாவிலா, அடுப்பிலா என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த மாவையே தூக்கிப்போய் வேறு அடுப்பில் வைத்துப் பார்ப்பாள். அங்கே நன்றாக வந்துவிட்டால், பழைய அடுப்பைப் பிரித்துப்போடு என்பாள். இந்தப் பெருமையைச் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. வீட்டிலும் அதே கண்தான். பால் ஏன் நீர்த்திருக்கிறது, சோப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று துருவுவாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே.

சரி, அவள் போகட்டும். தாலி கட்டிய மனுஷன் கேட்டார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

"கோபப்படாதே. நீ ஏதாவது தெரியாம... எலி மருந்து கிலி மருந்து..." என்று இழுத்தார்.

"எலி மருந்து வச்சா முதல்ல உங்க சாப்பாட்டுலதான் வைப்பேன்."

சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சோற்றை இரண்டு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

அப்புறம்தான் அந்த முடிச்சு. காலையில் என் கூண்டைத் திறக்கப் போனால், கதவுக் கயிற்றில் இரட்டை முடிச்சு. நான் எப்போதும் இழுத்தால் அவிழ்கிற சுருக்குதான் போடுவேன். தைக்கிற கை, பழக்கம் மாறாது. உள்ளே கறுப்புக் கோழி சிலிர்த்துக்கொண்டு, குஞ்சுகளை இறக்கைக்குள் வாரி வைத்து, மூலையைப் பார்த்துக் கொக்கரித்துக்கொண்டிருந்தது. யாரோ வந்துபோயிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான்! பழிக்குப் பழி வாங்க என் தீனியில் எதையோ கலந்திருக்கிறாள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. தீனி முழுவதையும் வாரி வெளியே கொட்டினேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். மறுநாள் காலையும் அதே இரட்டை முடிச்சு. கேட்கலாம்தான். கேட்டால், "உன் கூண்டுகிட்ட எனக்கென்ன வேலை?" என்பாள். அப்புறம் நான் சண்டைக்காரி ஆகிவிடுவேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே அவளுடைய மூன்றாவது கோழியும் போய்விட்டது. மண்வெட்டியோடு நின்றிருந்தவளிடம் நேரே போனேன்.

"இதையும் புதைச்சுட்டு என்னை முறைக்கப் போறீங்களா அக்கா? மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொல்லட்டும், விஷமா இல்லையான்னு."

"நானும் அதான் நினைச்சேன். நானே கொண்டுபோறேன்."

"நீங்க தனியா எதுக்கு? நானும் வர்றேன்."

"ஏன், நான் வழியில கோழியை மாத்திடுவேனா?"

"நான் மாத்திடுவேன்னு நீங்க நினைக்கக் கூடாது பாருங்க."

ஒரு பையில் போட்டு, ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தோம். அவள் வேகமாக நடந்தால் நானும் வேகம், அவள் நின்றால் நானும் நின்றேன். செத்த கோழிக்கு அப்படியொரு ஊர்வலம்! எதிரே வந்தவர்கள், என்ன ஒற்றுமையான ஓரகத்திகள் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் அறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் கிட்டே கூப்பிட்டார். ஈரல் இருக்க வேண்டிய அளவைப்போல் இரண்டு பங்கு வீங்கியிருந்தது. அதன் மேலெல்லாம் வெளுத்த கட்டிகள். தொடைக்குள்ளிருந்து ஒரு நரம்பை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். இந்தப் பக்கத்து நரம்பு நூல் மாதிரி, அந்தப் பக்கத்து நரம்பு கயிறு மாதிரி.

"விஷமெல்லாம் இல்லம்மா. மாரெக்ஸ்னு ஒரு வைரஸ். நரம்பைத் தடிக்க வச்சுடும், உள்ளே கட்டி கட்டியா வளரும். கால் இழுத்துச்சா?"

"இழுத்துச்சு," என்றாள் ஓரகத்தி.

"இதுக்கு மருந்து கிடையாது. பொரிச்ச அன்னைக்கே தடுப்பூசி போட்டிருக்கணும். மனுஷங்களுக்கு வராது, பயப்படாதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் ஒவ்வொருவரையும் இங்கே இழுத்துவந்து அந்த ஈரலைக் காட்ட வேண்டும்போல் இருந்தது. சோற்றைக் கிளறின மகராசனை முதலில்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "பக்கத்துல சின்னக் குஞ்சு ஏதாவது இருக்கா? இறகுத் தூசியில பரவுற வியாதி இது. குஞ்சுங்கதான் சுலபமா மாட்டும். வாங்கினது உடனே தெரியாது. ஒரு மாசம், ரெண்டு மாசம் நல்லா ஓடிக்கிட்டிருக்கும், அப்புறம்தான் கால் இழுக்கும்."

"என்கிட்ட இருக்கு டாக்டர். ஆனா தனிக் கூண்டு. இவங்க கோழி என் கூண்டுல கால் வச்சதே இல்ல."

திரும்பிப் பார்த்தேன். ஓரகத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வச்சுது," என்றாள்.

"என்னது?"

"ரெண்டு நாள், பொழுது சாஞ்சதும் இதைக் கொண்டுபோய் உன் கூண்டுல விட்டேன். காலைல நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"அங்க கிடந்து தேறிடுச்சுன்னா, கோளாறு கோழியில இல்ல, என் கூண்டுலதான்னு தெரிஞ்சிடும். உன் கூண்டுல நீ விஷம் வைக்க மாட்டியே."

அடிப்பாவி! மாவை அடுப்பு மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறாள். கறுப்புக் கோழி மூலையைப் பார்த்துக் கத்தியது இதற்குத்தான். பால் குடிக்கிற வயசு என்பார்களே, அப்படிப்பட்ட குஞ்சுகளுக்கு நடுவில் இந்த வியாதிக் கோழியைப் படுக்க வைத்திருக்கிறாள்.

"டாக்டர், இப்ப ஊசி போட்டா?"

"தூசி உள்ளே போனப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்லம்மா. எல்லாமே போயிடும்னு இல்ல. சிலது தப்பிக்கும். எதுன்னு இப்ப சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது கையில் பை இல்லை. ஆனாலும் ஏனோ அதே இடைவெளியில்தான் நடந்தோம். அவள் அழுதுகொண்டு வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெரு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நீ வச்சியாடின்னு மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா, இல்லன்னு சொல்லியிருப்பேன்ல?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா, நீ சொல்றதை நான் நம்பியிருக்க மாட்டேனே," என்றாள்.

நானும்தான் முடிச்சைப் பார்த்துவிட்டு அவளைக் கேட்கவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாசலில் காத்திருந்தார்கள். எங்கள் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தார்கள், ரிப்போர்ட் இருக்கிறதா என்று. நான் நேரே வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போய்க் கூண்டைத் திறந்தேன். குஞ்சுகள் தடதடவென்று வெளியே ஓடிவந்து காலைச் சுற்றிக்கொண்டன. மூவரும் என் பின்னாலேயே வந்தார்கள். ஓரகத்தி கொல்லை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இவ ஒண்ணும் பண்ணல. தப்பெல்லாம் என்னோடது. இவ மேல இனி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணி," என்றார் என் வீட்டுக்காரர்.

எத்தனை நாளாக, 'இவ ஒண்ணும் பண்ணல' என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்! அது வந்த நேரத்தில் நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தரையில் குந்தி, ஓடுகிற ஒவ்வொரு குஞ்சின் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.