தேயாத செருப்பு

கிருபாகரனுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், செருப்பு மறக்காது. வெள்ளவத்தையில் ஒரு செருப்புக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறான். முதலில் பெட்டி தூக்கினான். இப்போது மற்றவர்களைத் தூக்கச் சொல்கிறான். அதற்குப் பெயர் மேனேஜர். வாசலில் ஒருவர் கழற்றிவிட்ட பழைய செருப்பைப் புரட்டிப் பார்த்தால் போதும். ஆள் எந்தக் காலை அழுத்தி மிதிக்கிறார், முழங்கால் எத்தனை வருடமாக வலிக்கிறது, பஸ்ஸைக் கண்டால் ஓடுகிறவரா, போனால் போகட்டும் என்று நடக்கிறவரா, எல்லாம் சொல்லிவிடுவான். கடைப் பெண்கள் அவனை "செருப்பு ஜோசியர்" என்று கிண்டல் செய்வார்கள். அவன் அதைப் பாராட்டாகவே வைத்துக்கொண்டான். பாராட்டு அதிகம் வராத இடத்தில் கிண்டலைத்தானே வைத்துக்கொள்ள முடியும்.

இந்த ஜோசியர் வருடத்துக்கு இரண்டு தடவை, தீபாவளி முடிந்த ஞாயிறும் சித்திரை வருடப் பிறப்பு முடிந்த ஞாயிறும், பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிற அப்பா அம்மாவைப் பார்க்கப் போவான். பண்டிகைக்கு முன்னால் போக வழியில்லை; அப்போதுதான் ஊரே செருப்பு வாங்கும். மனைவி சுதர்சினிக்குக் குளிர் ஆகாது, பிள்ளைகளுக்கு அட்டைக்கடி ஆகாது. ஆகவே தனியாகத்தான். இரவு பஸ்ஸில் பண்டாரவளை, அங்கிருந்து தோட்டத்து பஸ். காலை பத்து மணிக்கு இறங்குவான். இரண்டு மணிக்கு அன்றைய கடைசி பஸ்ஸில் ஏறுவான். நாலு மணி நேரம். "போன கையோட வந்துட்டேன்" என்று மறுநாள் கடையில் சொல்வான், அதற்கு யாரோ மெடல் தரப்போகிற மாதிரி.

அப்பா தர்மலிங்கத்துக்கு எழுபத்தாறு வயது. பஸ் நிற்கும் இடத்தில் வெள்ளை வேட்டியும் நீல ஸ்வெட்டருமாக, தகரக் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலில் போன தடவை மகன் கொண்டுவந்த செருப்பு இருக்கும். இந்தத் தீபாவளி ஞாயிறும் அப்படித்தான் நின்றார்.

"வா தம்பி. புள்ளைங்க சொகமா?"

"சொகம்ப்பா. வாங்க, மேல போவோம்."

"நீ முன்னுக்குப் போ. அம்மா பாத்துக்கிட்டு நிக்கும். எனக்குத் தலைவரோட ஒரு பேச்சு இருக்கு. பின்னாலயே வாறேன்."

மூன்று வருடமாகத் தலைவரோடு அந்தப் பேச்சு இருந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவருக்கும், வேலையை விட்டு ஓய்ந்த ஒரு தொழிலாளிக்கும் அப்படி என்ன தீராத பேச்சு என்று கிருபாகரன் ஒரு தடவையும் யோசித்ததில்லை. வயிறு முன்னால் போக, அவன் பின்னால் போக, நூற்றுப் பதினெட்டுப் படி ஏறி, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போனான். மலைத் தண்ணீர் விழும் பீலியில் முகம் கழுவி, அடுப்படியில் குந்தி, அம்மா பரிமளம் சுட்டுப் போட்ட ரொட்டியில் இரண்டைத் தின்றுவிட்டு வெளியே வந்தபோது, அப்பா முன்வாசல் இஸ்தோப்பில் நாற்காலியில் இருந்தார். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"எங்கப்பா இந்த வயசுலயும் நூத்திப் பதினெட்டுப் படி ஏறி வந்து, மூச்சு வாங்காம குந்தியிருப்பாரு" என்று கொழும்பில் யாரைக் கண்டாலும் சொல்வான். சொல்லும்போது தனக்கும் அந்த உடம்பில் பங்கு இருப்பதாக ஒரு நினைப்பு.

புதுச் செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தான். பழையதைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தான். அடியில் வெட்டு வெட்டாக இருந்த கோடுகள் அப்படியே இருந்தன. நம்பர் ஒட்டிய தாள்கூட ஒரு ஓரம் மிச்சமிருந்தது.

"பாத்தீங்களாப்பா! ஆறு மாசம், அதுவும் தோட்டத்துக் கல்லுல. ஒரு கோடு அழியல. நம்ம சாமான்னா சாமான்தான்."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்ப்பா, நல்ல சாமான்" என்றார். ஜோசியர் அந்தத் திருப்தியோடு மத்தியானச் சோறு தின்றார்.

ஒன்றரை மணிக்கு அம்மா அவனை அடுப்படிக்கு இழுத்துப் போய் பட்டர் பழமும் தேயிலைத் தூளும் கட்டிக் கொடுத்தாள். வெளியே வந்தபோது நாற்காலி காலி. "பஸ்ஸ மறிச்சு வைக்கப் போயிட்டாரு" என்றாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போவார். கீழே போனால், தூறலில் அதே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த தடவ ரெண்டு நாள் நிக்கிறேன்ப்பா" என்றான் கிருபாகரன். இதுவும் ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான். ஹப்புத்தளை தாண்டும்வரை அவனே அதை நம்புவான்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. வேலையப் பாரு" என்றார் அப்பா, அவசரமாக.

பஸ் மூன்று வளைவுதான் போனது. நாலாவது வளைவில் மண்மேடு ஒன்று, பத்துப் பதினைந்து தேயிலைச் செடியையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி உட்கார்ந்திருந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "மண் அள்ளுற பெக்கோ நாளைக்குக் காலையிலதான் வரும். நடக்கிறவங்க நடங்க" என்றார். கிருபாகரனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். கடையை நினைத்தான், திங்கட்கிழமையை நினைத்தான். பிறகுதான் அம்மாவின் முகம் எப்படிப் பூரிக்கும் என்று நினைத்தான். அந்த வரிசைக்காக அவன் பின்னால் வெட்கப்பட வேண்டியிருந்தது.

கொழுந்து எடுப்பவர்கள் நடக்கிற குறுக்குப் பாதையில் ஏறி, லயத்துக்குக் கீழே பீலியடிக்கு வந்தான். மேலே, தேயிலை பக்டரியைச் சுற்றி வரும் ரோடு முடிகிற கோயிலடியில் ஒரு ஆட்டோ நின்றது. அதன் சொந்தக்காரன் றிஸ்னி, ஐந்தாம் வகுப்புவரை கிருபாகரனோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவன், லயத்துப் பக்கமாக மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் முதுகில் உப்பு மூட்டையாக அப்பா. பின்னால் குடையோடு அம்மா. அவள் மற்றக் கையில், பாண் பையில் சுற்றிய புதுச் செருப்பு.

"மெதுவா தம்பி. காலையில மாதிரி கோழிக் கூட்டுல மோதிறாத" என்றார் அப்பா.

"கழுத்த விடுங்க மாமா, மூச்சு முட்டுது. காலையில எறக்கி ஏத்தி, பின்னேரம் எறக்கி ஏத்தி... ஒங்க சாமியக்கூட வருசத்துக்கு ஒருக்காத்தான் தூக்குறாங்க."

அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கிருபாகரன் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"சிரிப்பு வேற" என்றாள் அம்மா. "அடுத்த தடவ ரெண்டு நாள் நிக்கிறேன்னு சொல்லுதே புள்ள. அப்ப என்னா செய்யிறது?"

"அவன் எங்க நிக்கப் போறான்."

குரலில் கோபம் இல்லை. பின்னேரம் மழை பெய்யும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

கிருபாகரன் பீலிச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். வெளியே வந்தால் அப்பாவின் மூன்று வருட உழைப்பு வீணாகிவிடும். நிற்கிற அப்பாவையும் பார்த்திருக்கிறான், உட்கார்ந்த அப்பாவையும் பார்த்திருக்கிறான். நடக்கிற அப்பாவைக் கடைசியாக எப்போது பார்த்தான் என்று, நனைந்துகொண்டே தேடினான். அகப்படவில்லை. ஆட்டோ கீழே இறங்கிப் போகிற சத்தம் கேட்ட பிறகு, பலமாக ஒரு தடவை இருமி, யாருடையதோ ஒரு வாளியை எட்டி உதைத்து, "அம்மோவ்!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஏறினான்.

அப்பா நாற்காலியில் இருந்தார். அவசரத்தில் மாட்டிய செருப்பு இடது வலது மாறியிருந்தது.

"ரோட்டுல மண் சரிஞ்சிருக்கு. நாளைக்குத்தான் பஸ்."

"அப்ப நிக்கிறியா?" அம்மாவின் முகம் பூரிக்கத்தான் செய்தது. பூரித்த கையோடு, பயந்துபோய் அப்பாவைப் பார்த்தது.

மூன்று மணி நாலானது, நாலு ஐந்தானது. அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. அம்மா தேத்தண்ணி நீட்டினாள், வேணாம் என்றார். தண்ணியும் வேணாம் என்றார். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், எட்டுப் படி கீழே இருந்தது. இந்த மூன்று வருடத்தில் தனக்கு முன்னால் அப்பா ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை என்பது கிருபாகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தரைக்கு அவர் கை நாற்காலிச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

கிருபாகரன் அவர் காலடியில் முழங்காலிட்டான். கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை இடுகிற முழங்கால்தான். செருப்பைக் கழற்றி மாற்றி மாட்டினான்.

"எப்ப இருந்துப்பா?"

அம்மாதான் சொன்னாள்: "மூணு வருசமாச்சு சாமி. காலையில பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துக்கிட்ட விழுந்தாரு. இடுப்பு. புடிச்சுக்கிட்டா நிப்பாரு, எட்டு வைக்க ஏலாது. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு."

"சொன்னா என்னா செய்வ?" என்றார் அப்பா. "வேலைய விட்டுட்டு ஓடி வந்திருப்ப."

ஓடி வந்திருப்பேனா என்று கிருபாகரன் தன்னைக் கேட்டுப் பார்த்தான். நல்ல மெத்தை வைத்த செருப்பாக ஒன்று பார்சலில் அனுப்பியிருப்பாய் என்று பதில் வந்தது.

திரும்பி முதுகைக் காட்டிக் குந்தினான். "ஏறுங்கப்பா."

கொஞ்ச நேரம் முதுகில் எதுவும் படவில்லை. பிறகு ஒரு கை மட்டும் வந்து தோளைத் தட்டியது.

"வேணாம் தம்பி. அந்தப் படி வழுக்கும். எங்க கால் வைக்கிறதுன்னு ஒனக்குத் தெரியாது, றிஸ்னிக்குத்தான் தெரியும். அவனக் கூப்பிடு."

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நீலச் சுண்ணக்கட்டியால் போன் நம்பர்கள் எழுதியிருந்தன. முதலாவது றிஸ்னி. நாலாவதாகத் தன்னுடையது, இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் மாற்றிவிட்ட பழைய நம்பர். இந்த இரண்டு வருடத்தில் அவர்கள் ஒரு தடவைகூடத் தன்னைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை என்று அந்தச் சுவர் சொன்னது.

றிஸ்னி பத்து நிமிடத்தில் வந்தான். இஸ்தோப்பில் நின்றவனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

"என்னா மச்சான், மாட்டிக்கிட்டாரா?"

"நான்தான்டா மாட்டிக்கிட்டேன்."

"அப்ப சும்மா நிக்காம குடையப் புடி. மாமாட தல நனையக் கூடாது."

அப்பா பழகிய லேசோடு அந்த முதுகில் ஏறிக்கொண்டார். கிருபாகரன் ஒரு கையில் குடையும் மற்றக் கையில் அப்பாவின் செருப்புமாகப் பின்னால் இறங்கினான். மூன்றாவது படி ஆடியது. "பாத்து தம்பி" என்றார் அப்பா, மேலேயிருந்து.

குனிந்து பார்த்து இறங்கியதில் றிஸ்னியின் கால்தான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அவன் குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் செருப்பின் அடி தெரிந்தது. இரண்டு குதியும் ஒரே அளவாக, கல் குத்துகிற அளவுக்குத் தேய்ந்திருந்தன. இதைப் படிக்க ஜோசியம் தேவையில்லை.

"றிஸ்னி, ஒனக்கு எத்தனாம் நம்பர்?"

"என்னா நம்பர்?"

"செருப்பு. போனதும் நல்லதா ஒண்ணு அனுப்புறேன்."

றிஸ்னி திரும்பவில்லை. அடுத்த படியைக் காலால் தடவிப் பார்த்து மிதித்தான்.

"செருப்பு கெடக்கட்டும் மச்சான். மொதல்ல குடைய நேராப் புடி. மாமா நனையிறாரு."

கிருபாகரன் குடையை நேராகப் பிடித்தான்.