இருபத்தேழு கீழ்த்தாடைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக யோசித்துப் பிடித்ததல்ல. நாற்காலியில் மல்லாந்து கிடந்த என்னிடம் பல் டாக்டர் சொன்னது. அவர் விரல்கள் என் வாய்க்குள் இருந்ததால் குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. ஆகவே அவர் சொல்லாமல் விட்ட இடங்களில் என் கைச்சரக்கைப் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

தொடக்கத்தை மட்டும் நாலு தடவை எழுதினேன்.

காலை வெயில் வகுப்பறையின் ஜன்னல் கம்பிகளுக்கிடையே... (வேண்டாம். வெயிலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?)

மனிதத் தாடை என்பது... (கட்டுரை. எழுந்து ஓடிவிடுவீர்கள். மற்ற இரண்டும் இதைவிட மோசம்.)

2

டாக்டர் அன்று ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேரவில்லை என்று கணக்கெடுக்கும் வேலை. சின்னப் பிள்ளைகளிடம் இது சர்வசாதாரணம். துருத்தும், இடைவெளி விடும், ஒரு பக்கமாகச் சாயும். பாதி வகுப்புக்காவது ஏதோ ஒரு கோணல் தேறும். ஆனால் கீழ்வரிசை மேல்வரிசையைத் தாண்டி முன்னால் வந்து நிற்பது அபூர்வம். ஒரு வகுப்பில் ஒருவர் அகப்பட்டாலே அதிகம்.

அன்று முப்பத்தோரு பேரில் இருபத்தேழு பேருக்கு அப்படி இருந்தது.

"மீதி நாலு பேர்?" என்றார் டாக்டர்.

"அவங்களுக்கு முன்பல்லே இல்ல டாக்டர், விழுந்துடுச்சு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த உதவியாளர். "இருந்திருந்தா அதுவும் முன்னாலதான் வந்திருக்கும். தண்ணியில ஏதாச்சும் இருக்குமோ?"

டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இப்படி ஒரு வகுப்பு எவருக்கு வாய்க்கும்? மனசுக்குள்ளேயே மாநாட்டு மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

(மைக் என் கைச்சரக்கு. சந்தோஷம் அவருடையது.)

3

இடைவேளை மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தால் அதே பிள்ளைகள் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள், பிஸ்கட் கடிக்கிறார்கள். எல்லார் பல்லும் இருக்கவேண்டிய இடத்தில் சமர்த்தாக இருக்கிறது. டாக்டர் வெளியே ஓடினார்.

குழாயடியில் ஒரு கூட்டம். நடுவில் ஒரு பொடிசு. கீழ்த்தாடை சற்று முன்னால் நீண்டிருப்பதால் வகுப்பே அவளைக் கரண்டி என்றுதான் கூப்பிடும். (இந்தப் பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். பிள்ளைகள் வைத்தது, அதை மாற்ற நான் யார்.) உயரத்தில் குட்டை என்பதால் காலையில் வரிசையில் முதலில் நின்றவள் அவள்தான். "கடிச்சுக் காட்டு" என்று டாக்டர் சொன்னதும் தனக்கு வந்தபடி கடித்தாள். அடுத்து நின்றவன் இப்படித்தான் கடிக்கவேண்டும்போல என்று தாடையைத் தள்ளினான். அவனைப் பார்த்து அடுத்தவள். அப்படியே வரிசையின் வால் வரைக்கும் போய்விட்டது.

"நீ பாதிதான் தள்ளுற," என்று கரண்டி ஒருத்தனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் தள்ளு."

"வலிக்குதுடி."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். எனக்குப் பழகிடுச்சு."

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தப்பு அவர்மேல்தான். கடி என்றால் குழந்தை தாடையை நீட்டும். எச்சிலை முழுங்கச் சொன்னால்தான் தாடை தன் இடத்துக்குப் போகும். படிக்கிற காலத்திலேயே சொல்லிக்கொடுக்கிற சங்கதி இது.

"வழக்கமா இந்தப் பொண்ணு வாயைக் கையால மூடிக்கிட்டு ஓரமா உக்காந்துதான் சாப்பிடும்," என்றார் பின்னால் வந்து நின்ற வகுப்பு டீச்சர். டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

4

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. மறுபடி எண்ணினால் கரண்டி பழையபடி ஒற்றையாகிவிடுவாள். எண்ணாவிட்டால் இருபத்தேழில் ஒருத்தியாகக் காணாமல்போவாள். இந்த வயதில் கண்டுபிடித்தால் பல்லுக்கு ஒரு கிளிப் போதும். வளர்ந்துவிட்டால் எலும்பை வெட்டவேண்டி வரலாம். நானாக இருந்தால் எண்ணாமல் நழுவியிருப்பேன். டாக்டர் நழுவவில்லை.

கரண்டியைப் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஏற்றி, கையில் டார்ச்சைக் கொடுத்தார். "நீதான் பாத்துச் சொல்லணும், சரியா?"

"எச்சில் முழுங்கு," என்பார் டாக்டர். "இப்ப மெதுவா பல்லைச் சேரு."

"உள்ள போயிடுச்சு," என்பாள் கரண்டி. உதவியாளர் பட்டியலில் அந்தப் பெயரை அடிப்பார். பத்தாவது ஆள் வருவதற்குள் மொத்த வகுப்பும் அவளோடு சேர்ந்துகொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் "உள்ள போயிடுச்சு" என்று கூரை அதிரக் கத்தியது. இருபத்தாறு பேருக்கும் உள்ளே போய்விட்டது.

5

கரண்டி டார்ச்சை டாக்டரிடம் நீட்டினாள். ஸ்டூலிலிருந்து குதித்து எதிரே வந்து நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை ஏறி இறங்க எச்சிலை முழுங்கினாள். முழுங்கினால் எல்லாருக்கும் உள்ளே போய்விடும் என்று அவள் நம்பியிருந்தது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

பல்லைச் சேர்த்தபடியே கேட்டாள். "எனக்கும் உள்ள போயிடுச்சா?"

டாக்டர் என்ன சொன்னார் என்பதை என்னிடம் சொல்லவில்லை. நானாக எழுதிப் பார்த்தேன்.

"இன்னும் போகலடா கண்ணு, ஆனா போக வைக்க..." (நியாயமான பதில். 'போகல' என்பதைத் தாண்டி அவள் காதில் எதுவும் விழாது.)

"உனக்கு எதுக்கு உள்ள போகணும், இதுவே அழகாத்தானே..." (பொய். அதுவும் எலும்பு முற்றும்வரை கூட வரும் பொய்.)

உதவியாளர் சட்டென்று பேனாவை மூடி... (இது என் கோழைத்தனம்.)

எனக்கு வரவில்லை. டார்ச்சை உங்களிடம் தந்துவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிக் கத்த மொத்த வகுப்பும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.