நாலு விரற்கடை

அவன் என் இடுப்பு வாரின் முடிச்சைச் சரிபார்க்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான். முடிச்சின் இரண்டு இழைகளையும் கட்டைவிரலால் தடவி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்பான். பிறகு அவன் இடுப்பில் இருக்கும் கயிறு ஓடும் கருவியை நான் பார்த்து, கொக்கியின் பூட்டைத் திருகிவிட்டு, "ம்" என்பேன். பாறை ஏறுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். எங்களுக்கு மட்டும் வாரம் முழுவதிலும் ஒருவர் மேல் ஒருவர் கை படுகிற ஒரே நேரம் இது. விவாகரத்து ஆகி இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. வீட்டைப் பிரித்தோம், பாத்திரங்களைப் பிரித்தோம், ஃபிரிட்ஜை அவன் எடுத்துக்கொண்டான், வாஷிங் மெஷினை நான் எடுத்துக்கொண்டேன். கயிறுதான் மிஞ்சியது. எழுபது மீட்டரைப் பாதியாக வெட்டினால் யாருக்கும் உதவாது என்று அவன் சொன்னான். நானும் அவசர அவசரமாகத் தலையாட்டினேன்.

"ஒரே வீட்டுல இருக்க முடியல, ஒரே கயித்துல மட்டும் தொங்க முடியுதாடி உங்களுக்கு?" என்று அம்மா போனில் கேட்பாள். நல்ல கேள்விதான். கீழே நின்று கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அம்மா ஏமாறுகிறவள் இல்லை. ஆனால் நாங்கள் ஏறப் போகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எனக்கு போன் செய்ய மாட்டாள்.

இங்கே ஏற வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பல்லி. அவனுக்குத் தவளை. நான் ஒரு கையை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு கையும் இரண்டு கால்களும் சரியாக ஊன்றியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். அப்புறம்தான் எடுத்த கை மெதுவாக மேலே போகும். எந்த நொடியில் வேண்டுமானாலும் மனம் மாறி, விட்ட பிடிக்கே திரும்பி வந்துவிடலாம். அவன் முழங்காலை மடக்கி, உடம்பை இரண்டு தடவை ஆட்டி, ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடுவான். பாய்ந்த உடம்பு மேலே போய் நின்று, கீழே இறங்க ஆரம்பிப்பதற்கு முன் கண் சிமிட்டுகிற நேரம் ஒன்று இருக்கிறதாம். அப்போது உடம்புக்கு எடையே கிடையாதாம். அந்த நேரம் பார்த்துக் கையை வைத்தால் போதுமாம். அவன் அரை நொடியில் தாண்டுகிற இடத்தை நான் மடக்கிய கையில் பத்து நொடி தொங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவேன். அதற்கு இரண்டு பங்கு பலம் வேண்டும். பலத்துக்கு எனக்குக் குறைவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் நான். நூலளவு கூடுதலாகத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பதினாறு வருடமாகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்த கை, பாறையில் மட்டும் எப்படி மாறும்?

வாழ்க்கையிலும் இதே கதைதான். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு துறைமுகத்தில், கடல் தாண்டி, பெரிய வேலை ஒன்று வந்தது. "நீயும் வரியா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டான், அன்றைக்கே பெட்டி கட்டத் தயாராக. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், எட்டு மாதம். அந்த வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லாமல் சொல்லாமலே எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. இப்போது மறுபடியும் அதே இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை கிளம்புகிறான். இந்தத் தடவை அவன் என்னைக் கேட்கவில்லை. எந்த உரிமையில் கேட்பான்? இருந்தாலும் கேட்டிருக்கலாம் என்று தினமும் லென்ஸ் தேய்க்கும்போது எனக்குத் தோன்றிக்கொண்டேதான் இருக்கிறது.

எனக்கு முடிக்க வேண்டிய பாதை ஒன்று இங்கே இருக்கிறது. வெளியே சாய்ந்து நிற்கிற சுவர், கயிற்றை மாட்டிக்கொண்டே போகப் பாறையில் அடித்த பதினோரு போல்ட். எட்டாவது போல்ட்டுக்கு மேல், இடது கைக்கு இரண்டு விரல் மட்டும் நுழைகிற ஒரு குழி. அங்கிருந்து வலது கையால் மேலே உள்ள விளிம்பைப் பிடிக்க வேண்டும். காலை இடுப்பு உயரத்துக்கு வைத்துப் பார்த்தேன், குதிகாலைக் கொக்கியாக மாட்டிப் பார்த்தேன், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். மூன்று வருடம். எப்படிப் போனாலும் என் நடுவிரலுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே நாலு விரற்கடை பாக்கி நிற்கும். அவன் அதை என்றைக்கோ தாவி முடித்துவிட்டான். கடைசியில் நானும் வெட்கத்தை விட்டுத் தாவ ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் விரல் நுனி விளிம்பில் படும். படும்போதே இடுப்பிலிருந்து யாரோ பிடித்துக் கீழே இழுத்ததுபோல வந்துவிடுவேன். எனக்குத் தாவ வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் பக்கத்துப் பாதையில் ஏற வந்திருந்த பல் டாக்டர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க தாவுறப்ப அவரு கயித்த விடவே மாட்டேங்குறாரு. கயிறுதான் உங்களப் பிடிச்சு இழுக்குது."

எனக்கு உடனே புரிந்தது. ஆறு வருடத்துக்கு முன் வேறொரு பாதையில் இரண்டாவது போல்ட் தாண்டி நான் விழுந்தபோது அவன் கயிற்றைத் தாராளமாக விட்டிருந்தான். கீழே நீட்டிக்கொண்டிருந்த கல்லில் மோதிக் கணுக்கால் உடைந்தது. இன்னும் உள்ளே இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அழுததை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். தன் உடம்பைக் காற்றில் எறிவதற்கு யோசிக்காதவன், அதற்குப் பிறகு எனக்குக் கயிறு பிடிக்கும்போது மட்டும் அரை முழம்கூட விட்டதில்லை.

பல் டாக்டருக்கு நன்றி சொன்னேன். அவனிடம் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மேலே ஏறும்போது இடுப்பில் அந்தக் கயிறு மெல்லச் சுண்டுமே, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு சுண்டு, அது எனக்கு வேண்டியிருந்தது. அதைத் தவிர அவனிடமிருந்து எனக்கு வேறு எதுவும் வருவதில்லை. அந்தச் சுண்டுக்காக, தெரிந்தே, மூன்று ஞாயிறு விழுந்தேன்.

இன்றைக்கு விட்டால் இனி ஞாயிறு இல்லை. முடிச்சைப் பார்த்து "ம்" என்றவனிடம் சொன்னேன்.

"இன்னைக்குக் கயித்த இறுக்காத."

"நான் எங்க இறுக்குறேன்?"

"இறுக்குற. தாவுறப்பல்லாம் இறுக்குற. அதான் கீழ வந்துடுறேன்."

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "எப்பலேருந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

மீதியையும் சொல்வேன் என்று காத்திருந்தான். நான் குனிந்து காலணியின் பட்டையை இறுக்கினேன், ஏற்கெனவே இறுக்கியதைத்தான்.

"விழுந்துட்டா?" என்றான்.

"விழுந்தா விழறேன். அவ்வளவு உசரத்துல எவ்வளவு விட்டாலும் காத்துலதான் தொங்குவேன். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுது. கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

"முப்பது டன் பெட்டிய இறக்குற கை."

"பெட்டிக்கு வலிக்காதே," என்றான். சிரிக்கத்தான் நினைத்தான், வரவில்லை.

ஏழு போல்ட் வரை எனக்கு மனப்பாடம். எட்டாவதில் கயிற்றை மாட்டினேன். இரண்டு விரலைக் குழியில் நுழைத்து, கால்களை உயர்த்தி வைத்தேன். இந்த இடத்தில்தான் வழக்கமாக இடுப்பில் அந்தச் சுண்டு வரும். வரவில்லை. தொடைகளுக்கு நடுவே கீழே பார்த்தேன். கயிறு என் இடுப்பிலிருந்து தாராளமாக வளைந்து தொங்கியது. அவன் பாறைக்கு ஓர் அடி நெருங்கி வந்து நின்றிருந்தான். அவ்வளவு உயரத்திலிருந்தும் அவன் தோள்கள் விறைத்திருப்பது தெரிந்தது.

"கயிறு இருக்கு!" என்று கத்தினான். "முழுசா இருக்கு, போ!"

இடுப்பில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் அங்கே தனியாக இருந்தேன். பயமாக இருந்தது. பயத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தடவை ஆடினேன். இரண்டாவது தடவை ஆடும்போதே கால்கள் பாறையை விட்டுவிட்டன.

அவன் சொன்னது உண்மைதான். அப்படி ஒரு நேரம் இருக்கிறது. வலது கை விளிம்பின் மேல் இருந்தது, நாலு விரலும். உடம்பு வெளியே வீசப்பட்டுத் திரும்பி வந்து பாறையில் மோதியது. கை நழுவவில்லை. கீழே அவன் ஏதோ கத்தினான், வார்த்தையாக இல்லை. மீதிப் பாதை சுலபம். ஒன்பது, பத்து, பதினொன்று. நான் கேட்கும் முன்பே கயிறு வந்துகொண்டிருந்தது, எங்கும் தடுக்கவில்லை, எங்கும் சுண்டவில்லை.

உச்சியில் ஒரு சங்கிலி இருக்கிறது. கயிற்றை அதில் போட்டுவிட்டு, "பிடி" என்று சொன்னால் அவன் இறுக்குவான், நான் உட்காருவேன், மெல்லக் கீழே இறக்குவான். அதோடு முடிந்தது. கயிற்றைப் போட்டேன். இடுப்பின் சின்ன வாரையும் சங்கிலியில் மாட்டிக்கொண்டு சாய்ந்தேன். தூரத்தில் வெயில் மங்கலுக்கு அப்பால் துறைமுகத்தின் கிரேன்கள் சிவப்பாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் அசையவில்லை.

"இறக்கவா?" என்று கீழேயிருந்து கேட்டான்.

நான் காத்திருந்த கேள்வி அது இல்லை. காற்றில் காதில் விழவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். காற்றே இல்லை.

அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. நான் வாய் திறக்கும்வரை அவன் கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது, முதல் நாளிலிருந்து எங்களுக்குள் இருக்கிற விதி. ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, மறு கையால் கயிற்றைப் பிடித்தபடி அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் நடுவே அவன் விட்டிருந்த கயிறு வளைந்து தொங்கி, பாறையில் ஒருமுறை உரசி, விலகி, மறுபடி வந்து உரசியது.