ஒற்றைக் கம்பி

"முள்ளு அசைஞ்சுதா? இல்ல. டீச்சரம்மா நல்லா வளையல் செய்யுதாவ. வடசேரிச் சந்தையில கொண்டு வச்சா வித்துப்போவும்!"

இஸ்ரவேல் மரவளையத்தைத் தூக்கிக் காட்டியதும் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானபாய்க்குக் காதுமடல் சுட்டது.

அது 1937. நாகர்கோவிலில் மாலையானால் கிளப்பில் கொழும்பு ரேடியோ கேட்கக் கூடுவார்கள். கொஞ்ச நாளாகப் பாட்டுக்குப் பதில் கடுகு பொரிகிற சத்தம்தான் வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இஸ்ரவேலின் மின்சார வைத்தியசாலை. அங்கே நீலப் பொறி பறக்கும் கண்ணாடிக் குழாயால் வாதக்காரர்களின் முட்டியைத் தேய்ப்பார்கள். சந்தேகம் தன் இயந்திரத்தின்மேல் விழுமுன் இஸ்ரவேல் முந்திக்கொண்டார். வயர்மேன் ரத்தினம் கம்பிகளை ஒழுங்காக இணைக்கவில்லை, விளக்கு போடுகிற நேரம் இணைப்புகளில் பொறி தட்டுகிறது என்று மின்சார இலாகா என்ஜினீயர் கிருஷ்ணமணியிடம் சொன்னார்.

ரத்தினம் ஞானபாயின் அண்ணன்.

பௌதிகம் படித்துப் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்த ஞானபாய், அவனுக்காகத்தான் அந்த வளையத்தைச் செய்தாள். இரண்டாக அறுத்துக் கீல் வைத்த மரவளையம். அதன்மேல் மெல்லிய செம்புக்கம்பி சுற்றி, ஒரு படிகத்தின் வழியாக, மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் பள்ளியின் கால்வனாமீட்டரில் சேர்த்திருந்தாள். வயரை வெட்ட வேண்டாம். வளையத்தைத் திறந்து வயரைச் சுற்றி மூடினால் போதும். நொடிக்கு லட்சக்கணக்கில் துடித்து ரேடியோவைக் கெடுக்கும் மின்னோட்டம் அதில் ஓடினால் முள் துள்ளும். அன்று எல்லோர் முன்னாலும் இஸ்ரவேலே வளையத்தை வாங்கி இயந்திரத்தின் வயரில் மாட்டினார். முள் அசையவில்லை. ரத்தினத்தின் வேலை அன்றே போயிற்று.

மறுநாள் வகுப்பில் மின்சுற்று வரைந்துகொண்டிருந்தபோது அவள் கை நின்றது. அந்த வயரில் இரண்டு கம்பிகள் முறுக்கியிருந்தன. ஒன்றில் போவது மற்றதில் திரும்பும். இரண்டையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். பள்ளியில் அவள் ஒற்றைக் கம்பியில் மட்டுமே சோதித்திருந்தாள்.

கிருஷ்ணமணியின் ஆபீஸ் பள்ளிக்கு எதிரேதான். போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரித்தவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். இஸ்ரவேலின் முகமும் இருக்காது.

அவள் காத்திருந்தாள். ரத்தினம் சந்தையில் வாழைத்தார் சுமக்கப் போனான்.

இரண்டு மாதம் கழித்து இஸ்ரவேல் இன்னும் பெரிய இயந்திரம் ஒன்று வரவழைத்தார். ஜெபித்துத் தொடங்க ஊரையே அழைத்திருந்தார். பாதிரியார், கிருஷ்ணமணி, கிளப்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். விருந்துக்கான வாழைத்தாரைச் சுமந்துகொண்டு ரத்தினமும் வந்தான்.

பாதிரியார் தொடங்கியதும் எல்லாக் கண்களும் மூடின. கிருஷ்ணமணிகூட மரியாதைக்கு மூடிக்கொண்டார். பாதிரியாரின் ஜெபம் மகாராஜா, திவான், மழை, விளைச்சல் என்று போய்த்தான் நோயாளிகளிடம் வரும். பிறந்ததிலிருந்து ஜெபத்தில் கண் திறக்காத ஞானபாய் அன்று திறந்தாள். இயந்திரம் இருந்த மேசைக்குப் பின்னால் போய் வயரின் முறுக்கைப் பிரித்து, பையில் கொண்டுவந்த வளையத்தை ஒற்றைக் கம்பியைச் சுற்றி மூடினாள். மீட்டரைக் கிருஷ்ணமணிக்கு நேரே வைத்தாள்.

"ஆமென்."

இஸ்ரவேல் சுவிட்சைப் போட்டார். முள் ஓடி விளிம்பில் மோதியது.

"இது என்னது?" என்றார் கிருஷ்ணமணி.

இஸ்ரவேல் சுவிட்சை அணைத்தார். முள் விழுந்தது. "அந்த வளையலக் கழத்துங்க!"

"இன்னொரு மட்டம் சுவிட்சப் போடுங்க" என்றாள் ஞானபாய். "அன்னைக்கு ரெண்டு கம்பியையும் சேத்து மாட்டினிய. இப்ப ஒண்ணுலதான் கெடக்கு. போடுங்க."

அவர் போடவில்லை. அவளே போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். முள் ஒவ்வொரு முறையும் சொன்னபடி கேட்டது.

"அப்பம் வாதம் நம்ம ரேடியோவுக்குல்லா பிடிச்சிருக்கு!" என்றார் கிளப்காரர் ஒருவர். கட்டடம் குலுங்கச் சிரித்தார்கள். இஸ்ரவேலின் கழுத்தில் வேர்வை இறங்கியது. ஞானபாய் அந்தச் சிரிப்பை அவசரப்படாமல் கேட்டாள்.

கிருஷ்ணமணி திரும்பினார். "ரத்தினம், ஆபீசுல போய் ஏணியும் குறடும் எடுத்துட்டு வா. மொதல்ல இந்த லைன வெட்டு."

வாசலில் ரத்தினம் அவளை நிறுத்தினான்.

"ஏட்டி, இத என்னைக்குக் கண்டுபிடிச்ச?"

"மறுநாளே."

அவன் சுமைத்துணியைத் தோளிலிருந்து எடுத்தான். கீழே தோல் உரிந்திருந்தது.

"ரெண்டு மாசமா தெரிஞ்சா இருந்துது ஒனக்கு?"

"எல்லாரும் இருக்கணும்லா." அவளுக்கு வருத்தம் வரவில்லை. "அவன் மூஞ்சியப் பாத்தியாண்ணே?"

"இல்ல மக்கா. நான் ஒன் மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன்" என்று சொல்லிவிட்டு, ரத்தினம் ஏணி எடுக்கப் போனான்.