வலது கால், முப்பத்தொன்பது, சிவப்பு

1

என்னால் ஒரு பொய் முகவரியை எழுத முடியவில்லை. இந்தக் கதை பிறந்தது அதனால்தான். முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிட்டால் நடுவில் யாரும் என்னைப் பிடித்து உலுக்க வேண்டியிருக்காது.

யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். இடம், லெம்விக் என்ற கடலோரச் சிற்றூரில் டோர்தேயின் காலணிக் கடைப் பின்னறை. நாள், ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. ஜன்னல் பக்கம் டோர்தே, கடைக்காரி. அவளுக்கு எதிரே மடிக்கணினியோடு விகோ. நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இணையதளம் கட்டக் கற்றுக்கொண்டவன். கதவோரம் அட்டைப்பெட்டிகளின் மேல் டோர்தேயின் தம்பி தோர்கில். நாற்காலி காலியாகக் கிடந்தாலும் அவன் பெட்டிமேல்தான் உட்காருவான். மேசையின் குறுகிய பக்கத்தில் நான், மெரெட்டே. டோர்தேயும் நானும் இந்த ஊர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு; கடைக் கடிதங்களை எழுதுவது நான்தான். மேசை நடுவில் காபிக் குடுவை, ஆறு இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டிகள், ஒரு கடிதம்.

(கடிதத்தைக் கடைசியில் சொன்னது தற்செயல் அல்ல.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “கடல்வாயின் மேல் மூடுபனி கவிந்திருந்த அந்தப் பிற்பகலில், ஒரு பெண்ணின் விதி —”

விட்டுவிட்டேன். அன்று நல்ல வெயில்.

இரண்டாவது: “அட்டை மூலம் பணம் பெறுவது என்பது, முகம் தெரியாத இருவருக்கிடையே நம்பிக்கை எனும் —”

இதையும் விட்டேன். பள்ளிக் கட்டுரைப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கும் வாக்கியம். எனக்குத் தெரியும், வாங்கியிருக்கிறேன்.

ஆகவே நேராகவே வருகிறேன். டோர்தேக்குப் பிறவியிலேயே இரு கால்களும் ஒரே அளவில்லை: காலணி அளவில் இடது முப்பத்தொன்பது, வலது முப்பத்தேழு. ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காலணியை எடுத்துக்கொள்வாள். மீந்தவை அலமாரியை நிறைத்தன. ஒருநாள் அவற்றைக் கடை ஜன்னலில் வைத்து, ‘ஒற்றையாகவும் விற்கப்படும்’ என்று எழுதினாள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு காலை இழந்தவர்கள், இரு கால்களும் ஒத்துப்போகாதவர்கள். விகோ அதற்கென்று ஓர் இணையதளம் கட்டிக் கொடுத்தான்.

தளத்தில் பணம் கட்ட ஒரே வழிதான் இருந்தது, இந்த நாட்டுக் கைபேசிச் செயலி. இந்த நாட்டு எண் இல்லாதவர்களை அது உள்ளே விடாது. ஒற்றைக் காலணி விற்பவளுக்கு ஒரு நாடு போதாது. இங்கே ஒருவர் இடதை வாங்கினால், வலதுக்கான ஆள் எங்கேயோ இருக்கிறார். அந்த எங்கேயோ பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம்.

மேசைமேல் இருந்த கடிதமும் அங்கிருந்துதான் வந்தது. அயர்லாந்திலிருந்து நெஸ்ஸா கின்செல்லா என்பவர் பிப்ரவரியில் எழுதியது. இடது கால் இல்லை, ஊன்றுகோலில் நடக்கிறார், செயற்கைக் கால் பிடிக்கவில்லை. தளத்தில் இருக்கும் சிவப்புக் காலணியில் வலது மட்டும், அளவு முப்பத்தொன்பது, வேண்டும். மூன்று முறை பணம் கட்டிப் பார்த்தாராம், முடியவில்லை. “நோட்டாக உறையில் வைத்து அனுப்பலாமா?” என்று கேட்டிருந்தார்.

“வேணாம், வழியில தொலைஞ்சிடும், கொஞ்சம் பொறுங்கன்னு எழுதிடு” என்றாள் டோர்தே. நான் எழுதினேன். அந்தக் கொஞ்சத்துக்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

3

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வாரமே, வங்கி அட்டை வழியாகப் பணம் வாங்கித் தரும் நிறுவனம் ஒன்று, நாங்கள் கேட்டதன்பேரில், ஒரு பட்டியல் அனுப்பியிருந்தது. தளத்தில் கடை முகவரி தெரிய வேண்டும். தொலைபேசி எண் தெரிய வேண்டும். விலை எந்த நாட்டுப் பணத்தில் என்று இருக்க வேண்டும். தளம் பாதுகாப்பானது என்று காட்ட, உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி வேண்டும். வாங்கியதை எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்பது வேண்டும்.

கடைசி வரியில் மாட்டிக்கொண்டோம். டோர்தே சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்தது இது: “ஒரு நாள் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். கடித்தால் சொல்லுங்கள்.”

“நாள் கணக்கு கேக்கறாங்க, டோர்தே” என்றான் விகோ.

“ஒரு நாளுன்னுதானே போட்டிருக்கு?”

“அது நடக்கற நாள். அவங்க கேக்கறது திருப்பித் தர்ற நாள். பதினாலு போட்டுடறேன்.”

“பதினாலு நாள் கழிச்சா ஒருத்தருக்குக் கால் கடிக்கும்?”

பதினான்கு என்றே போட்டான். அடுத்த நாளே நிறுவனத்திலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. படங்களில் ஒரு காலணிதான் இருக்கிறதாம். முழுப் பொருளையும் காட்டும் படம் வேண்டுமாம்.

தோர்கில் பெட்டிமேல் இருந்தபடியே சிரித்தான். “அக்கா, நீ அரைப் பொருள் விக்கறியாம்!”

டோர்தே சிரிக்கவில்லை. “மெரெட்டே, எழுது. ‘இதுதான் முழுப் பொருள்.’ அவ்வளவுதான். வேற ஒண்ணும் சேர்க்காதே.”

நான் தேதியும் வணக்கமும் சேர்த்தேன். அவை இல்லாமல் எனக்குக் கடிதம் எழுத வராது.

4

இனி அந்தச் செவ்வாய்க்கிழமையும் என் தவறும்.

உண்மையான அட்டைகளை வாங்குவதற்குமுன், சோதனையாக ஒரு முறை வாங்கிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே நிறுவனம் ஒரு பொய் அட்டை எண் தந்திருந்தது. விகோ மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

“வாடிக்கைக்காரங்க மாதிரி நீ வாங்கிப் பாரு. பேரு, முகவரி, மின்னஞ்சல் எல்லாம் வாய்க்கு வந்ததைப் போடு. பணம் எங்கேயும் போகாது.”

“இல்லாத ஆளுக்கு எப்படி முகவரி போடறது?”

“எதையாவது தட்டு, மெரெட்டே. ஆடு, மாடு, ஒண்ணாம் நம்பர் தெரு.”

விரலை வைத்தேன், நகரவில்லை. நாற்பது வருடமாக உறைமேல் எழுதிவரும் கை இது. முகவரி என்றால் அங்கே ஒரு கதவு இருக்க வேண்டும், கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும். எதிரே நெஸ்ஸாவின் கடிதம் கிடந்தது. பெயர், தெரு, ஊர், மின்னஞ்சல் எல்லாம் தெளிவான கையெழுத்தில். அப்படியே எடுத்து எழுதினேன். பொருளும் அவர் கேட்டதே: வலது, முப்பத்தொன்பது, சிவப்பு, எங்கள் பணத்தில் இருநூற்று நாற்பது குரோனர். பொய் எண்ணைப் போட்டு அழுத்தினேன். பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது.

எல்லோரும் கைதட்டினோம். ஆறாவது ரொட்டியைத் தோர்கில் எடுத்துக்கொண்டான்.

பணத்தை நிறுத்திவைப்பது நிறுவனத்தின் சோதனை ஏற்பாடு. வாங்கியவருக்கு மின்னஞ்சலில் நன்றி மடல் அனுப்புவது எங்கள் தளம். முதலாவதைக் கவனித்த விகோ இரண்டாவதை நிறுத்த மறந்தான்; மடல் நேராக நெஸ்ஸாவுக்குப் போய்விட்டது. அந்த மறதிக்கு நான் இன்றும் அவனுக்கு நன்றி சொல்கிறேன். அவன் முகம் சிவக்கிறது.

நன்றி மடலின் வாசகம் நான் எழுதியது. இங்கே ஒருவரை மறுபடி கண்டால் முதலில் சொல்வது “போன தடவைக்கு நன்றி”. போன தடவை ஒன்றாகக் குடித்தது ஒரு கோப்பைக் காபிதான் என்றாலும் சொல்வோம். கடை மடலும் அப்படித்தானே தொடங்க வேண்டும்? முதல் தடவை வாங்குகிறவர்களுக்குப் போன தடவையே கிடையாது என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

5

வியாழக்கிழமை நிறுவனம் அனுமதி தந்தது. அடுத்த புதன்கிழமை அயர்லாந்திலிருந்து கடிதம் வந்தது. அதே பின்னறை, அதே நாற்காலிகள், அதே பெட்டி. நான்தான் படித்துக் காட்டினேன்:

“அன்புள்ள டோர்தே, போன தடவைக்கு நன்றி என்று எழுதியிருந்தீர்கள். போன தடவை என்றால், நான் மூன்று முறை முயன்று தோற்ற தடவை. அதை நினைவில் வைத்திருந்தீர்களே! சிவப்புக் காலணிக்குப் பணம் பெற்றுக்கொண்டதாகவும் மடல் சொன்னது. வங்கியில் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. ஆக, இது உங்கள் பரிசு. மறுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஏற்றுக்கொள்கிறேன். விபத்துக்குப் பிறகு என்னை நினைவில் வைத்துக்கொண்டு யாராவது ஏதாவது செய்தால், அது எப்போதும் என் இல்லாத காலுக்காக இருக்கும். நீங்கள் இருக்கிற காலுக்குச் செய்திருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். நான் ஜோடியாக வாங்கி இடதை அலமாரியில் வைத்துவிடுவேன். தூக்கிப் போட மனம் வராது. பதினொன்று சேர்ந்திருக்கின்றன, யாரும் போடாதவை. உங்கள் கடைக்கு அனுப்பட்டுமா? எல்லாம் முப்பத்தொன்பது.”

டோர்தே குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

“பதினொண்ணா!” என்றான் தோர்கில். “அக்கா, உன் ஆயுசுக்கும் போதும்.”

6

வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் கதையைக் கீழே வைப்பீர்கள் என்று தெரியும். இடது, முப்பத்தொன்பது, பதினொன்று! நானே கற்பனை செய்திருந்தால் அளவை நாற்பது என்று வைத்திருப்பேன், இன்னும் நம்பும்படி. நெஸ்ஸாவையும் ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் எரிச்சல்காரராக, “எங்கே என் காலணி?” என்று அதட்டுகிறவராக. இரண்டு பக்கம் ஓடியது. பிறகு அவருடைய கையெழுத்து நினைவுக்கு வந்தது. அந்தக் கையெழுத்து அதட்டாது.

இனி மூன்று முடிவுகள்.

(அ) காலணியை அனுப்புகிறோம், மடல் பிசகைச் சொல்லாமல். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

(ஆ) உண்மையைச் சொல்கிறோம். அவருக்கு வெட்கமாகிவிடுகிறது. காலணியைத் திருப்பி அனுப்புகிறார், பதினான்கு நாளுக்குள்.

(இ) டோர்தே கப்பலேறி அயர்லாந்து போய் —

இல்லை. டோர்தே ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையைப் பூட்டமாட்டாள்.

அன்று மேசையில் நடந்தது இவ்வளவுதான்.

“ஷூவை அனுப்பறோம், அதுல பேச்சே இல்ல” என்றாள் டோர்தே. “கடிதத்துல என்ன எழுதறதுன்னுதான் தெரியல. இத்தனை சந்தோஷமா எழுதியிருக்காங்க. இது சோதனைக்கு அழுத்தினதுன்னு எப்படிச் சொல்றது?”

“சொல்லாட்டிப் போச்சு” என்றான் விகோ. “மடலை நிறுத்தாதது நான். என் மனசாட்சிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

நான் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தேன். “அன்புள்ள நெஸ்ஸா, உங்களை நினைத்தே அந்த —”

தோர்கில் எழுந்து வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். “முகவரியிலகூடப் பொய் எழுத வராதுன்னு சொன்ன அம்மா, கடிதத்துல எழுதுவாங்களாம். போன வாரமே ஆடு மாடுன்னு போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்ல?”

பேனாவை வைத்துவிட்டேன். அவன் சொன்னது கேலிதான், ஆனால் சரி. அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும், அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

7

புதிய தாள். இடம், தேதி, வணக்கம்.

“மடல் உங்களுக்கு வந்தது தவறால். சோதனைக்காக ஒரு முகவரி எழுத வேண்டியிருந்தது, இல்லாத ஓர் ஆளின் முகவரி என் கைக்கு வரவில்லை. மேசைமேல் உங்கள் கடிதம் இருந்தது. இரண்டு மாதமாக அங்கேயேதான் இருக்கிறது. அட்டைக்கு ஏற்பாடு செய்ததே அதனால்தான். ‘போன தடவைக்கு நன்றி’ எங்கள் ஊரில் எல்லோருக்கும் சொல்வது. ஆகவே நீங்கள் நன்றி சொன்ன காரியத்தை நாங்கள் செய்யவில்லை. இப்போது செய்கிறோம். காலணி தனிப் பெட்டியில் வருகிறது. அதைப் பரிசாக ஏற்பதோ, தளத்தில் பணம் கட்டுவதோ, திருப்பி அனுப்புவதோ உங்கள் விருப்பம். தளம் இப்போது உங்கள் அட்டையை வாங்கும்.

உங்கள் இடது காலணிகளைப் பற்றி: டோர்தேயின் இடது கால் முப்பத்தொன்பது.”

“அடுத்து என்ன எழுத?” என்று கேட்டேன்.

டோர்தே யோசித்தாள். “அதுல ஒண்ணாவது நீலமா இருக்குமான்னு கேளு” என்றாள். கேட்டேன்.

நெஸ்ஸா இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? மூன்று முடிவுகளில் நான் எழுதியது பாதி (ஆ) மட்டுமே. மீதிப் பாதி அவர் கதவுக்குப் பின்னால் நடக்கும். அவரிடமிருந்து பிறகு ஏதும் வந்ததா என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. உங்களைக் கேட்கிறேன். தவறுதலாக வந்த ஒன்றுக்கு மனமார நன்றி சொல்லிவிட்டீர்கள். பிறகு அது தவறென்று தெரிகிறது. சொன்ன நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா?

தாளை மூன்றாக மடித்தேன். எங்கே கையெழுத்துப் போடுவது என்று டோர்தே கேட்டாள்; மறுபடி விரித்துக் காட்டினேன். அவள் பெயரின் கீழ் விகோ, அவனுக்குக் கீழ் பென்சிலில் தோர்கில். எல்லாவற்றுக்கும் கீழே மிஞ்சிய இடத்தில், இந்த முறை தெரிந்தே, எழுதினேன்: போன தடவைக்கு நன்றி.

உறையின் ஓரத்தை நக்கி ஒட்டினேன். முகவரியை எழுதினேன், கை தடுமாறவில்லை. அப்போதெல்லாம் எங்கள் தெருமுனையில் சிவப்புத் தபால் பெட்டி இருந்தது. நால்வரும் அதுவரை நடந்தோம். டோர்தேதான் போட்டாள்.